தேதி மாற்றிய பக்கம்

தம்பி,

"நீ சொன்ன மாதிரியே பண்ணிட்டேன்மா. பேஜ மாத்திட்டேன். இனிமே கவலையில்ல" என்று வியாழக்கிழமை காலையில் நீ அனுப்பிய செய்தியை இதுவரை எத்தனை முறை திறந்து படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று ஊரில் எல்லா அம்மாக்களும் புலம்புகிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றால்கூட மூன்று காரணம் சொல்லும் நீ, இருபத்தொன்பது வயதில் முதல் முறையாக நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்திருக்கிறாய். அதில் சந்தோஷப்பட முடியவில்லை. அன்றிலிருந்து உனக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறேன். "மீட்டிங்ல இருக்கேன்மா", "அப்புறம் பேசுறேன்", "அதான் முடிஞ்சுதேம்மா" என்று துண்டு துண்டாகப் பதில் வருகிறது. விசாரணை திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என்று சொன்னாய். இன்று சனிக்கிழமை. வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் மெயிலில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முப்பது வருடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டே எழுதிப் பழகியவள், இதை அப்படி எழுத வரவில்லை.

புதன்கிழமை சாயந்திரம் நீ போன் செய்தபோது நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உன் குரலைக் கேட்டதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. உங்கள் கம்பெனியில் ஒரு சர்வர் வேலை செய்யும், இன்னொன்று மாற்றாகக் காத்திருக்கும். காத்திருப்பதில் சேரும் பழைய கோப்புகளை அழிக்க நீ ஒரு சின்னக் கருவி எழுதியிருந்தாய். அதை எப்படி ஓட்டுவது என்று ஒரு பக்கமும் எழுதி வைத்திருந்தாய். போன மாதம் இரண்டு சர்வரின் வேலையையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டு, பக்கத்தில் சர்வரின் பெயரை மாற்ற மறந்துவிட்டாய். ஷிஃப்டில் இருந்த ஒருவர் உன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருந்தபடியே ஒரு வரி பிசகாமல் செய்தார். வேலை செய்துகொண்டிருந்த சர்வரில் வாடிக்கையாளரின் விவரங்கள் போய்விட்டன. அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை. "என்னம்மா பண்றது?" என்று கேட்டாய். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "மொதல்ல அந்தப் பக்கத்த சரி பண்ணு. அப்புறம் யார் கேட்டாலும் பேசாம இரு" என்றேன். யார் எப்போது திருத்தினார்கள் என்று பதிவாகுமே என்று கேட்டதும் நான்தான். "அதுக்கும் அட்மின் நான்தான்மா" என்று நீ சொன்னாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன் தம்பி, ஆவணியில் உன் கல்யாணம், அது ஒன்றுதான் அந்த நேரம் என் மண்டையில் ஓடியது.

இவ்வளவு சட்டென்று அந்தப் பதில் எனக்கு எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை. நான் ஏற்கெனவே செய்து பார்த்த வேலை அது.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மேசைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாய். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் தங்கும் ஒரு சர்வர், பதினாறு கம்ப்யூட்டர், அதைப் பார்த்துக்கொள்ள நான், எனக்கு உதவியாக ஓர் ஆப்பரேட்டர். பெரிய கம்பெனிகளில் விலைக்கு வாங்கும் கருவிகள் எங்களுக்கு ஏது? பிரின்டர் மக்கர் பண்ணினால் ஒன்று, டிஸ்க் நிரம்பினால் எச்சரிக்க ஒன்று, மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் நகல் எடுக்க ஒன்று என்று நானே எழுதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் விளக்கம். கம்ப்யூட்டரிலும் இருக்கும், அச்செடுத்து நீல ஃபைலிலும் இருக்கும். காய்ச்சலில் கிடப்பவன்கூட எழுந்து வந்து செய்கிற மாதிரி எழுத வேண்டும் என்று உன்னிடம் பெருமையடிப்பேனே, அந்த ஃபைல்தான். அந்தப் பெருமையில் ஆப்பரேட்டருக்கு ஒரு சட்டம் போட்டிருந்தேன். பக்கத்தில் இல்லாததைச் செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பதைக் கேள்வி கேட்கக் கூடாது. ஆரம்பத்தில் அவர், "மேடம், இந்த எடத்துல ஒரு தடவ செக் பண்ணிட்டு பண்ணலாமா?" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். "எழுதுனவளுக்குத் தெரியாதா?" என்று ஒரே போடாகப் போட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அவர் பெயர் செல்வமணி. குரும்பகரம் கிராமத்துக்காரர். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, கேன்டீனிலிருந்து உனக்கு மசால்வடை வாங்கி வந்து கொடுப்பார். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது, இரண்டு பெண் குழந்தைகள். நெல் வயல் கொஞ்சம் இருந்தது, அண்ணன் பார்த்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் இவர்தான். என் ஃபைலை அவர் தொடும் விதத்தைப் பார்க்க வேண்டும். கையைத் துடைத்துவிட்டுத்தான் எடுப்பார். வரி வரியாக விரலை வைத்துப் படித்துவிட்டு, அப்புறம்தான் தட்டுவார்.

நீ பிளஸ் டூ முடித்த வருடம், சர்வரில் இடம் போதாமல் புது டிஸ்க் ஒன்று போட்டேன். டிஸ்குகளுக்கு மெஷின் தானாக வரிசை எண் கொடுக்கும் என்பதும், புதிதாக ஒன்று வந்தால் வரிசை மாறலாம் என்பதும் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதுவரை இரண்டாம் டிஸ்காக இருந்த நகல் டிஸ்க் அன்றைக்கு மூன்றாம் டிஸ்க் ஆனது. ரிப்போர்ட்டுகள் இருக்கிற டிஸ்க் இரண்டாவது ஆனது. நகல் எடுக்கும் கருவி எந்த டிஸ்க் என்று கேட்கும், நாம் தட்டும் எண்ணுள்ள டிஸ்கைக் காலி செய்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கும். என் பக்கத்தில் "இரண்டாம் டிஸ்கைக் காலி செய்யவும்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் மாற்றலாம் என்று வைத்தேன். மறுநாள் உன் ஜாதிச் சான்றிதழுக்கு அலைந்தேன், அதற்கடுத்த நாள் இருப்பிடச் சான்றிதழ், அப்புறம் கவுன்சிலிங்குக்குப் புதுச்சேரி கிளம்பிவிட்டோம். நம் ஊரும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான் என்றாலும், தலைநகருக்குப் போக இன்னொரு மாநிலத்தைக் குறுக்கே தாண்ட வேண்டிய பிறவிகள் நாம், போக ஒரு நாள், வர ஒரு நாள். நான் லீவில் இருந்த அன்றுதான் மாத நகல் எடுக்க வேண்டிய நாள். செல்வமணி பொறுப்பானவர். மேடம் வரட்டும் என்று தள்ளிப்போடவில்லை.

உனக்கு நீ கேட்ட காலேஜே கிடைத்து, நாம் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் பழரசம் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவர் போன் வந்தது. "மேடம், பக்கத்துல இருந்த மாதிரிதான் மேடம் பண்ணேன். ரிப்போர்ட் ஒண்ணும் தெறக்க மாட்டேங்குது மேடம்" என்றார். எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. நீ டம்ளரை வைத்துவிட்டு "என்னம்மா?" என்றாய், "ஒண்ணுமில்ல, பிரின்டர்" என்றேன். முந்தின மாத நகல் இருந்ததால் முழுவதும் போகவில்லை. ஒரு மாதத்து ரிப்போர்ட்டுகள் போயின. அந்த ஒரு மாதத்தில் டயாலிசிஸ்காரர்கள் இருந்தார்கள், கர்ப்பிணிகள் இருந்தார்கள். திரும்ப ரத்தம் கொடு என்று எல்லோரையும் கூப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நிர்வாகத்திலிருந்து ஆள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். பக்கத்தைத் திறந்தேன். இரண்டாம் என்பதை அடித்துவிட்டு மூன்றாம் என்று போட்டேன். பிறகு கோப்பின் தேதியைப் பின்னால் தள்ளினேன். அதற்கு ஒரே ஒரு சின்னக் கட்டளை போதும், உனக்குத் தெரிந்ததுதான். நான் உண்மையில் அதைத் திருத்தியிருக்க வேண்டிய நாளின் தேதியைப் போட்டேன். நீல ஃபைலில் இருந்த தாளை உருவிவிட்டுப் புதிதாக அச்செடுத்துச் செருகினேன். பழைய தாளைக் கிழித்து, வாசலில் இளநீர்க்காரர் மட்டை போடும் கூடையில் போட்டேன். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

விசாரித்தவர் நல்ல மனிதர்தான். பக்கத்தைத் திறந்தார், தேதியைப் பார்த்தார், மூன்றாம் டிஸ்க் என்று வாய்விட்டுப் படித்தார். "இதுல மூணுன்னு இருக்கு, நீங்க ரெண்ட ஏன் அழிச்சீங்க?" என்று செல்வமணியைக் கேட்டார். "சார், ரெண்டுன்னுதான் சார் இருந்துச்சு" என்றார் அவர். விசாரித்தவர் என்னைப் பார்த்தார், செல்வமணியும் என்னைப் பார்த்தார். "பக்கத்துல என்ன இருக்கோ அதுதான் சார்" என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை, பார்த்தாயா? உன் அம்மா எவ்வளவு சாமர்த்தியக்காரி. செல்வமணி ஃபைலை வாங்கி, வழக்கம்போல விரலை வைத்து அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். சண்டை போடுவார் என்று நான் பயந்தேன். அவர் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "நான்தான் தப்பா படிச்சிருப்பேன் போலருக்கு சார்" என்றார். என் எழுத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அவர் கண்ணைவிட என் பக்கத்தை நம்பினார். அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து நேரு மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போக நினைத்தேன், அவரே ஓடி வந்தார். கண்ணாடி போட்டிருந்தார். "நல்லாருக்கீங்களா மேடம், தம்பி நல்லா படிக்குதா?" என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார். "கண் டாக்டர்ட்ட போனேன் மேடம். கண்ணுல ஒரு கொறையும் இல்லன்னுட்டாரு. நான்தான் விடாம கேட்டு இத வாங்கிப் போட்டுருக்கேன். கண்ணு நல்லாருந்தா எப்படி மேடம் எனக்கு ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாம போச்சு?" நிஜமாகவே என்னிடம் விளக்கம் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அலைச்சலா இருந்திருக்கும், விடுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். நான் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதோடு முடிந்தது என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். முடிந்தது என்றால் எனக்கு. நீ படித்து முடித்தாய், வேலைக்குப் போனாய், நான் ஓய்வு பெற்றேன். ஆவணம் எழுதுவதில் இந்த அம்மாவை மிஞ்ச ஆளில்லை என்று மேடையில் சொல்லிச் சால்வை போட்டார்கள், நீ கை தட்டினாய். உன் வியாழக்கிழமைச் செய்தி வந்தபோது முதலில் சந்தோஷம்தான் பட்டேன். "நீ சொன்ன மாதிரியே" என்ற வார்த்தையை இரண்டாம் முறை படித்தபோதுதான் உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்னதைக் கேள்வி கேட்காமல் அப்படியே செய்த இன்னொரு ஆள் நீ.

நேற்று, வெள்ளிக்கிழமை, அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் குரும்பகரம் பஸ் ஏறினேன். அப்பாவுக்கு இதில் எதுவும் தெரியாது. நெடுங்காடு தாண்டியதும் வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது, நாற்றங்காலில் ஆட்கள் நின்றார்கள். இறங்கிவிடலாம், திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தோன்றியது. செல்வமணி வீட்டில்தான் இருந்தார். தலை முழுக்க நரைத்திருக்கிறது. அண்ணனோடு வயலைப் பார்த்துக்கொண்டு, ஓர் உரக்கடையில் மூட்டை கணக்கு எடுக்கும் வேலைக்கும் போகிறாராம். "வாங்க மேடம், வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னேன்.

"செல்வமணி, அன்னைக்குப் பக்கத்துல ரெண்டுன்னுதான் இருந்துச்சு. நீங்க சரியாத்தான் படிச்சீங்க. மறுநாள் காலையில நான்தான் மாத்துனேன்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. "ரெண்டுன்னா இருந்துச்சு?" என்றார். ரெண்டுன்னுதான் என்றேன். "நல்லா தெரியுமா மேடம்? ரெண்டுன்னுதானா?" மறுபடியும் சொன்னேன். கோபப்படுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது தம்பி. உள்ளே திரும்பி, "இந்தா, இங்க வாயேன். மேடம் சொல்றத கேளேன். ரெண்டுன்னுதான் இருந்துச்சாம். நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்" என்று கத்தினார். பரீட்சையில் பாஸ் என்று கேட்ட பிள்ளை மாதிரி. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

அவர் மனைவி ஈரக் கையோடு வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கு முகம் மலரவில்லை. "இப்ப எதுக்குங்க வந்து சொல்றீங்க?" என்றார். "கம்ப்யூட்டர் வேலைக்கு ரெண்டு எடத்துல வூடு தேடி வந்து கூப்டாங்க. நான் படிச்சா தப்பாயிடும்னு போவவே இல்ல இவரு. சின்னவளுக்கு ஜொரம் வந்தா எத்தன சொட்டு மருந்துன்னு பாட்டில்ல போட்டுருப்பான். அத படிக்க மாட்டாரு. பக்கத்து வூட்டுல கொண்டு போயி காட்டி, அவங்க படிச்சு சொன்னாத்தான் ஊத்துவாரு. புள்ள துடிச்சிக்கிட்டு கெடக்கும்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். பழைய நிர்வாகத்திடம் போய் எழுதித் தருகிறேன் என்றேன். ஆஸ்பத்திரி கைமாறி ஐந்தாறு வருடம் ஆகிறது, அந்த சர்வரே எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். யாரிடம் எழுதிக் கொடுப்பேன், எழுதிக் கொடுத்து எதைத் திருப்பித் தருவேன்? சொல்லும்போதே அது உதவாத பேச்சு என்று எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாளுக்கும் தெரிந்தது.

செல்வமணிதான் என்னைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது. பஸ் தூரத்தில் வருவது தெரிந்த பிறகு கேட்டார். "ஏன் மேடம், அன்னைக்கே என்ட்ட மட்டுமாவது சொல்லிருக்கலாம்ல? நான் யாருட்டயும் சொல்லிருக்க மாட்டேனே. வேலைய விட்டுப் போன்னு நீங்க சொல்லிருந்தாலும் போயிருப்பேன். எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா போதுமே."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கக்கூட எனக்கு முகம் இல்லை.

இப்போது உனக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை எழுந்து நின்று உண்மையைச் சொல் என்று ஓர் அம்மா எழுத வேண்டும். எழுதப் போனால், உன் வேலை போய்விட்டால் கல்யாணம் என்னாகும், அந்த வீட்டில் என்ன சொல்வார்கள், நீ வாங்கிய வீட்டுக்குத் தவணை யார் கட்டுவார்கள் என்று எல்லாம் குறுக்கே வந்து நிற்கிறது. நான் அன்றைக்கு எந்தப் பயத்தில் அதைச் செய்தேனோ அதே பயம், ஒரு துளியும் குறையாமல் அப்படியே இருக்கிறது. வயதானால் குறையும் என்பதெல்லாம் சும்மா. சொல் என்று சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை, சொல்லாதே என்று இன்னொரு முறை சொன்னால் நான் மனுஷி இல்லை. இப்படி ஓர் அம்மா உனக்கு வாய்த்திருக்கிறாள். அறிவுரை சொல்லும் தகுதியை நான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே இளநீர் மட்டைக் கூடையில் போட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று. உன் பக்கத்தைப் படித்துச் செய்த அந்த ஷிஃப்ட் மனிதர் இந்நேரம் எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து, தான் என்ன படித்தோம், எதைத் தட்டினோம் என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை உன் பக்கத்தை அவர் முன்னால் திறந்து காட்டுவார்கள். அதில் நீ திருத்திய பெயர் இருக்கும். அவரும் அதை நம்பிவிடுவார். அதற்கு முன்னால் அவர் படித்தது சரிதான் என்று அவருக்குத் தெரிய வேண்டும். விசாரணையில் நீ எதைச் சொல்வாயோ, சொல்ல மாட்டாயோ, அதை நான் இங்கே உட்கார்ந்து தடுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. இதை மட்டும் கேட்கிறேன். கட்டளையாக இல்லை, கேட்கிறேன்.

கடிதத்தைப் படித்து முடித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும், அழுகை வரும், உடனே என்னைக் கூப்பிடத் தோன்றும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருப்பேன். என்னைக் கூப்பிடாதே, தம்பி. முதலில் அவரைக் கூப்பிடு.

அம்மா